மனமேயும் மன்னார்க் கூத்தும்

கொழும்பு சென்றிருந்த வேளையில், லயனல் வென்ட் அரங்கிலே பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' நாடகத்தைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் திகதி இதே அரங்கிலேதான் அந்நாடகம் முதன்முதல் மேடையேறிற்று. அன்று ஆடியவர்களுள் பலர் மறைந்துவிட்டனர். வேடங்கள் கைமாறிக் கைமாறி வந்துவிட்டன. நாடகம் மாத்திரம் இன்னும் மேடையைவிட்டு இறங்கவில்லை. அதன் சிறப்பைச் சிங்கள விமர்சகர்கள் வேண்டிய அளவுக்கு எழுதியிருக்கின்றனர். அவற்றைத் தமிழில் திருப்பிச் சொல்வது என் நோக்கமன்று. மன்னார்க் கரையில், கூத்துப் போடும் ஊரொன்றிலே வளர்ந்த ஒருவனுக்கு அந்த அரங்கில் இருந்தபோது எழுந்த சில வினாக்களையே இங்கே எழுத முற்படுகிறேன்.

திரை விலகியதும் 'பொத்தே குரு' வந்தார். கதையை முன்னுரைக்கும் அப்பாத்திரம் சபையோரை வணங்கி, இன்ன கதை நிகழப்போகிறது, இன்னார் இன்னார் வருவர் என்று இராகத்தோடு சொல்லிற்று. பின்னணிப் பாடகர் மேடையிலேயே இருந்தனர். மத்தளம் முழங்கிற்று. இளவரசன் தன் வரவைத் தானே பாடிக்கொண்டு வந்தான். அவன் விட்ட அடியைப் பின்னணியினர் வாங்கிப் பாடினர். தட்சசீலத்து ஆசிரியரிடம் வில்வித்தை கற்று, அவர் மகளையே மணந்து நாடு திரும்பும் அவன், மனைவியோடு மேடையைச் சுற்றி வந்த மாத்திரத்திலே காடு வந்துவிட்டது. மரமும் இல்லை, காட்சித் திரையும் இல்லை. சபை அதனைக் காடென்று ஏற்றுக்கொண்டது.

என்னைச் சூழ இருந்தோர் இவற்றையெல்லாம் சரச்சந்திரவின் மேதைமை என்று வியந்தனர். மேதைமை இல்லையென்று நான் வாதாட வரவில்லை. ஆனால் சிறுவனாக மணலிலே பாய் விரித்து, தூங்கியும் விழித்தும் நான் கண்டவை அல்லவா இவை! கட்டியகாரன் வரவும், அரசன் கொலுவுக்கு வரும் பாட்டும், கையிலே தாளத்தோடு நிற்கும் அண்ணாவியாரும், கொப்பியைப் பார்த்துப் பிற்பாட்டுப் பாடுவோரும் இல்லாமல் மன்னாரிலே கூத்தேது?

நாடகம் முடிந்து வெளியேறுகையில், பக்கத்து இருக்கையிலிருந்த முதியவர் என்னோடு பேச்சுக் கொடுத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் தமிழன் என்று அறிந்ததும், "மொழி விளங்கியதா, மாத்தயா?" என்று அன்போடு கேட்டார். "மொழி பாதிதான் விளங்கியது, நாடகம் முழுவதும் விளங்கியது" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்திலே சொன்னேன். "இது எங்களுடைய பழைய சிங்களக் கலை" என்றார் அவர். அந்தப் பெருமிதத்தின் முன்னே மறுத்துரைக்க எனக்கு மனம் வரவில்லை, தலையசைத்துவிட்டு வந்துவிட்டேன். மன்னார் திரும்பும் இரவு வண்டியிலே அந்தத் தலையசைப்பு என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அம்முதியவருக்கு நான் சொல்லாமல் விட்ட பதிலாகவும் இக்கட்டுரையைக் கொள்ளலாம்.

'மனமே' எந்த மரபிலிருந்து பிறந்ததோ அம்மரபுக்குச் சிங்களத்திலே 'நாடகம' என்று பெயர். இச்சொல்லே வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. வடமொழியிலிருந்து நேரே பெற்ற 'நாட்டிய', 'நாட்டக' என்ற சொற்கள் சிங்களத்தில் இருக்கவும், இந்த ஆட்டத்துக்கு மாத்திரம் தமிழன் வாயிலே ஒலிக்கும் 'நாடகம்' என்ற உச்சரிப்பே நிலைத்துவிட்டது. அதன் தொடக்கத்திலே கோமாளியாக வருபவன் 'கோணங்கி'. பாட்டு வகைகளுள் ஒன்று 'சிந்து'. பழக்குபவரை 'அண்ணாவி' என்று அழைக்கும் வழக்கமும் இருந்தது. பதினெட்டாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுகளிலே மன்னார், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று மேற்குக் கரையோரம் நெடுகிலும் கோயில் கோயிலாகப் பரவியிருந்த கத்தோலிக்க மக்களிடையே தமிழ்க் கூத்து ஆடப்பட்டு, அங்கிருந்தே அது சிங்களத்துக்குச் சென்றது. அக்கரையிலே இரு மொழியும் ஒரே வீட்டுக்குள் புழங்கின. ஒல்லாந்தர் ஆட்சியில் மறைவாக ஊழியம் செய்த கோவைக் குரு யாக்கோமே கொன்சால்வெஸ், அம்மக்களுக்காகத் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதியவர். சிங்கள நாடகத்தின் தந்தை என்று போற்றப்படும் பிலிப்பு சிஞ்ஞோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவர், தொழிலாற் கொல்லர். பட்டறையிலே இரும்படித்த கைதான் அந்நாடகங்களை எழுதிற்று.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு. பழைய சிங்கள நாடகங்களுள் ஒன்று 'ராஜ துன் கட்டுவ'. பெத்தலேகமிலே பிறந்த குழந்தையைக் காணச் சென்ற மூன்று அரசர்களின் கதை. மன்னாரிலே அதே கதை 'மூவிராசர் நாடகம்'. சிலாபத்துக் கரையிலே சிங்களம் பேசிய ஏரோது அரசன், மாந்தையிலும் பேசாலையிலும் தமிழ் பேசினான். குழந்தைகளை வெட்டியது ஒரே வாள்தான்.

இவை எனது கண்டுபிடிப்புக்கள் அல்ல. சிங்கள நாட்டார் நாடகம் பற்றி 1952இல் வெளிவந்த தம் ஆங்கில ஆராய்ச்சி நூலிலே சரச்சந்திரவே, தமிழ்க் கூத்திலிருந்தும் கத்தோலிக்கரிடமிருந்தும் நாடகம வந்த வழியை ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்திருக்கிறார். 1955இல் அவர் ஜப்பான் சென்றார். அங்கே கபுகியையும் நோ நாடகத்தையும் கண்டார். பழைய ஆட்ட மரபொன்று நவீன நகரின் நடுவிலே உயிரோடு வாழ முடியும் என்ற நம்பிக்கையோடு திரும்பி, தம் நாட்டுக் கிராமத்து நாடகமவைத் தேடினார். அம்பலாங்கொடைப் பகுதியைச் சேர்ந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துவந்து, மாணவர்க்குப் பாட்டையும் மத்தளத்தையும் பழக்கச் செய்தார். பெருநகரத்திலே நாடகம் பார்த்த ஒருவர் தம் கிராமத்தைக் கண்டுகொண்ட கதை அது. நல்ல கலைஞன் பெருநகருக்குச் சென்றால் இப்படித்தான் திரும்பவேண்டும்.

ஆனால் அந்த 1956ஆம் ஆண்டைப் பற்றிப் பேசாமல் 'மனமே'யைப் பற்றிப் பேசுவது முழு உண்மையாகாது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலே பிரதிநிதிகள் சபை சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற மசோதாவை நிறைவேற்றிற்று. சபைக்கு வெளியே, காலிமுகத் திடலிலே, அமைதியாக அமர்ந்திருந்த தமிழ்ச் சத்தியாக்கிரகிகள் தாக்கப்பட்டனர். ஐந்து மாதங்களின் பின்னர், அத்திடலிலிருந்து சிறிது தூரத்திலே, தமிழ்க் கூத்தின் வயிற்றிலே பிறந்த ஒரு வடிவம் சிங்கள நாடகத்தின் உன்னதமாக அரங்கேறி, கைதட்டலைப் பெற்றது. சட்டம் இரு மக்களையும் பிரித்த அதே ஆண்டிலே, இருவரும் ஒரே மத்தளத்துக்கு ஆடியவர்கள் என்பதைக் கலை மெய்ப்பித்தது. அரசியல் செய்தவர்களுக்கு அது கேட்கவில்லை. சரச்சந்திர நூலிலே எழுதியதை அவரைப் புகழ்ந்தோருட் பலர் படிக்கவில்லை. 'மனமே' தூய சிங்களக் கலை என்ற எண்ணம் அந்த அறியாமையிலேதான் வளர்ந்தது. என்னோடு பேசிய முதியவர் பகைமையால் அப்படிச் சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பள்ளிக்கூடங்களில் வேலை பார்க்கும் நம்மைப் போன்றோர் அந்தக் குற்றத்திலே பங்காளிகள்.

இனி நாடகத்துக்கு வருவோம். கதை பௌத்த ஜாதகத்திலிருந்து எடுத்தது. காட்டிலே வேடர் தலைவன் இளவரசனை மறிக்கிறான், இளவரசியைக் கேட்கிறான். சண்டை மூள்கிறது. இளவரசன் எதிரியைக் கீழே வீழ்த்தி, மனைவியிடம் வாளைக் கேட்கிறான். பழைய கதையிலே அவள் கண நேர மோகத்தால் வாளை வேடன் கைக்குக் கொடுத்துவிடுகிறாள். பெண்மனம் நிலையற்றது என்பது கதையின் தீர்ப்பு. சரச்சந்திர இவ்விடத்திலேதான் கை வைத்தார். அவருடைய வேடர் தலைவன், தன் ஆட்களை விலக்கிவிட்டுத் தனியொருவனாகப் பொருத வந்தவன். பரிவாரத்தை ஏவியிருந்தால் அந்த இருவரும் அக்கணமே மடிந்திருப்பர். இளவரசி அதனைக் காண்கிறாள். நேர்மையாகப் போரிட்டவனைக் கொல்லவேண்டாம் என்று கணவனிடம் இரக்கிறாள். அந்தச் சொல்லிலே இளவரசன் திகைத்துப் பிடி தளர்கிறான். வேடன் கை ஓங்கிவிடுகிறது.

இக்காட்சியைக் கண்டபோது நான் உண்மையிலேயே மெய்ம்மறந்தேன். தட்சசீலத்துக் கல்வி ஒருபுறம், காட்டு மனிதனின் நீதி ஒருபுறம். இரண்டுக்கும் நடுவிலே வாளோடு ஒரு பெண். அரச குலத்தவனிடம் இல்லாத பெருந்தன்மையை எழுத்தறியாத வேடனிடம் கண்டுவிட்டாள் என்பதுதானே அவள் செய்த குற்றம்? நூற்றாண்டுக் கணக்காக அவள்மீது சுமத்தப்பட்ட பழியை மேடையிலே மறுவிசாரணைக்குக் கொண்டுவந்தது சரச்சந்திரவின் பெரும் சாதனை. அது நாட்டார் மரபில் இருந்ததன்று, அவரே கொடுத்தது. இதை நாம் தயங்காமல் ஒப்புக்கொள்ளவேண்டும்.

ஆயினும் விசாரணை பாதியிலே நின்றுவிடுகிறது என்பதே என் கருத்து. வில்வித்தையிலே தேறிய மாணவனுக்கு ஆசிரியர் தம் மகளைப் பரிசாகக் கொடுக்கிறார். காட்டிலே வேடன் அவளை வெற்றிப் பொருளாகக் கேட்கிறான். பரிசு கொடுத்தவனுக்கும் பறிக்க வந்தவனுக்கும் இடையிலே அவளுடைய விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. நாடகமும் கேட்கவில்லை. முடிவிலே வேடனும் அவளைக் கைவிட, அவள் தனியே அழுது மடிகிறாள். பாட்டின் இனிமையிலே சபை உருகுகிறது. உருகிய நெஞ்சு கேள்வி கேட்க மறந்துவிடுகிறது. இந்த இனிமை நகரத்து மேடையின் பலமா, பலவீனமா என்று எனக்கு இன்னும் முடிவாகத் தெரியவில்லை.

கிராமத்துக் கூத்திலே இந்த மயக்கம் இவ்வளவு எளிதிலே வந்துவிடாது. அங்கே ஏரோது அரசனாக ஆடுபவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். பகலிலே வலை இழுத்தவன், அல்லது நானாட்டான் வயலிலே சூடடித்தவன். கொலுவிலே வீற்றிருக்கும் அவனைப் பார்த்துப் பெண்கள் பந்தலின் ஓரத்திலிருந்து பரிகாசம் செய்வர். பிள்ளை அழும். உறவினர் மேடையேறி மாலை போடுவர். அந்நேரம் அரசன் தன் கோபத்தை நிறுத்திவைத்துக் கழுத்தை நீட்டுவான். விடியும்வரையில், சில கூத்துக்கள் அடுத்த இரவிலும், ஆட்டம் தொடரும். பிரெக்ட் ஜேர்மனியிலே தேடிய விலகி நின்று பார்க்கும் பார்வை, எங்கள் ஊர்ப் பந்தலிலே தேத்தண்ணிக் கோப்பையோடு கிடைத்தது என்று சொன்னால் அறிஞர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும்.

தமிழ்ப் பக்கத்திலே இதே பணியைத் தொடங்கியவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 'மனமே'யின் வெற்றி அவருக்கு ஒரு தூண்டுதல். கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அவர், ஊரூராகச் சென்று அண்ணாவிமாரைத் தேடினார். பேராதனை மாணவர்களைக்கொண்டு 1962இல் 'கர்ணன் போர்', அடுத்த ஆண்டு 'நொண்டி நாடகம்', பின்னர் 'இராவணேசன்', 'வாலி வதை' என்று, விடியவிடிய ஆடிய கூத்தை இரண்டு மணி நேரத்துக்கும் உட்பட்டதாகச் சுருக்கி மேடையேற்றினார். மன்னார்க் கூத்துப் பிரதிகளையும் அவர் மறக்கவில்லை. 'என்றிக்கு எம்பரதோர்', 'மூவிராசர்', 'ஞானசவுந்தரி' ஆகிய நாடகங்கள் 1960களிலே அவருடைய முயற்சியால் அச்சேறின. கொப்பியிலும் ஏட்டிலும் கிடந்து கரையானுக்கு இரையாகவிருந்தவை அவை. இந்த ஒன்றுக்காகவே மன்னார் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறைப்பதற்கில்லை. மேடைக்குச் சென்றது பெரும்பாலும் மட்டக்களப்பின் ஆட்டக் கூத்து. மன்னாருக்குக் கிடைத்தது அச்சு. மன்னார்க் கூத்திலே ஆட்டம் குறைவு, பாட்டு மிகுதி. வடபாங்கு, தென்பாங்கு என்று இருவகை இராக மரபுகள் உண்டு. வாசாப்பு என்று மற்றொரு வடிவமும் உண்டு. சதங்கை கட்டிய காலின் கம்பீரத்தைத் தேடிய நகரத்துக் கண், நின்று பாடும் கூத்தனைக் கண்டு சலித்திருக்கலாம். காதால் அனுபவிக்கவேண்டியதைக் கண்ணால் அளந்த பிழை அது. அச்சேறிய பாட்டுக்கு இராகம் இல்லை. இராகம் தெரிந்த அண்ணாவியார் மறைந்தால் புத்தகம் வெறும் சொல். மன்னார்க் கடலிலே முத்துக் குளித்தவன் கழுத்திலே முத்து கிடந்ததில்லை என்பதை அரிப்புக் கரை அறியும். கூத்தின் கதையும் அதைவிட வேறாக இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நம்முடைய குற்றத்தைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. அந்த முதியவர் 'சிங்களக் கலை' என்று சொன்னது போலவே, நம்மவர் மேடை ஏறினால் 'தூய தமிழ்க் கலை' என்று முழங்குகின்றனர். 'என்றிக்கு எம்பரதோர்' என்ற பெயரைச் சற்றே உரக்கச் சொல்லிப் பாருங்கள். 'எம்பரதோர்' என்பது பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்! மேலைநாட்டுக் கதை, போர்த்துக்கேயப் பட்டம், தமிழ் விருத்தம், மன்னார்த் தொண்டை. இதிலே தூய்மையை எங்கே தேடுவது? கலப்பிலேதான் இக்கலையின் உயிர் இருக்கிறது.

தூய்மை பேசுவதன் விலை என்ன என்பதை மன்னார்த் தீவு தன் உடம்பிலே அனுபவித்தது. 1990 ஒக்டோபரிலே விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம் மக்களை அவர்களுடைய ஊர்களிலிருந்து வெளியேற்றினர். எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் வெறிச்சோடின. அதே போர்க் காலத்திலே தமிழ்க் குடும்பங்கள் மடுத் தேவாலயத்தின் மரநிழலிலே அகதிகளாகக் கிடந்தன. படகேறி இராமேசுவரத்துக்கு ஓடின. தலைமன்னாருக்கு வந்த புகைவண்டி 1990இல் நின்றது. மீண்டும் வந்தது 2015இலேதான். இத்தனைக்கும் நம்முடைய மேடையிலே மூவிராசரும் ஞானசவுந்தரியும் மாத்திரமே வந்துகொண்டிருந்தனர். படகிலே குழந்தையோடு ஓடிய தாய் வரவில்லை. வீட்டுத் திறப்பைக் கையிலே வைத்துக்கொண்டு புத்தளத்து முகாமிலே இருந்த எருக்கலம்பிட்டிக்காரன் வரவில்லை. உப்பளத்துத் தொழிலாளி வரவில்லை. ஏரோது குழந்தைகளை வெட்டிய காட்சியைக் கண்டு கண்ணீர் விட்ட சபை, தன் காலத்து ஏரோதுகளைக் கூத்திலே காணத் துணியவில்லை.

கூத்துக்கு இது இயலாத காரியமன்று. 1969இல் சி. மௌனகுரு 'சங்காரம்' நாடகத்திலே வடமோடிக் கூத்தின் ஆட்டத்தையும் தாளத்தையும் எடுத்து, உழைக்கும் வர்க்கத்தின் எழுச்சியைச் சொன்னார். மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்த காலத்தின் கொந்தளிப்பிலிருந்து 'கந்தன் கருணை' பிறந்தது. அரசனுடைய தாளத்துக்குத் தொழிலாளி ஆடினால் தாளம் தப்பிவிடாது என்பதை அவை காட்டின. பாட்டுக் கூத்தான மன்னார் மரபிலே அத்தகைய முயற்சி பெருகாதது கூத்தின் குறையன்று. கூத்தைக் கோயில் முற்றத்தோடு விட்டுவிட்டு, நகரத்திலே நாடகம் பார்க்கச் சென்ற படித்தவர்களாகிய நமது குறை. பெண்களை அம்மேடையில் ஏற்றாது ஆண்களே பெண்வேடம் கட்டிய பழக்கத்தையும் நாம் ஒருநாளும் கேள்விக்குள்ளாக்கவில்லை. 'மனமே'யிலே முதல் நாளிலிருந்தே பெண்கள் நடித்தனர் என்பதை நினைக்கும்போது இது இன்னும் உறைக்கிறது.

ஊர் திரும்பிய மறுவாரம், எனக்குத் தெரிந்த முதிய அண்ணாவியார் ஒருவரின் வீட்டுக்குச் சென்றேன். எண்பதைத் தாண்டியவர். கைத்தொலைபேசியிலிருந்து 'மனமே'யின் பாட்டுச் சிலவற்றை அவருக்குக் கேட்கச் செய்தேன். முதலிலே பேசாமல் இருந்தார். பின்னர் விரல்கள் முழங்காலிலே தட்டத் தொடங்கின.

"மெட்டு எங்கட இல்லைத் தம்பி" என்றார். "ஆனால் ஆள் வாற விதம் எங்கட விதம். பாடிக்கொண்டுதானே வாறான்?"

"ஓம், அண்ணாவியார். தன்ர பேரையும் ஊரையும் பாடிக்கொண்டு வாறான்."

"விடியும் மட்டும் ஆடுவினமோ?"

"இல்லை. ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள முடிஞ்சிடும்."

"அப்ப பாவம், ராசாவுக்கு இருந்து கதைக்க நேரமில்லை" என்றார்.

பிறகு எழுந்து சென்று, துணியிலே சுற்றிய கொப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். 'மூவிராசர்'. முதல் சில தாள்கள் இல்லை; இடப்பெயர்வு ஒன்றிலே நனைந்து போயினவாம். அச்சிட்ட புத்தகம் இருக்கிறதே என்றேன். அதிலே உள்ள பாடம் வேறு, தம்முடைய ஊர்ப் பாடம் வேறு என்றார். இப்பொழுது மாலை வேளைகளில் அவர் அந்தத் தாள்களிலிருந்த விருத்தங்களை நினைவிலிருந்து பாட, பத்தாம் வகுப்பிலே படிக்கும் பேத்தி எழுதிக்கொள்கிறாள். சில அடிகளிலே அவருக்கு நினைவு தடுமாறுகிறது. அவ்விடங்களை அவள் பென்சிலால் கோடிட்டு வெறுமையாக விட்டிருக்கிறாள்.